வெற்று மாத்திரை போட்டவருக்கு அடுத்தவரின் நோவும் குறைவாகத் தெரியுமா? (நாலாம் வருட ஆய்வு, ஆலோசனை தேவை)

தாமரைக்கேணி

எல்லாருக்கும் வணக்கம். தாதியியல் நாலாம் வருட ஆய்வுக்கு நாங்கள் ஒரு குழுவாகத் தலைப்பு எடுத்திருக்கிறம். நோ குறைக்கிற மாத்திரை என்று சொல்லி மருந்தே இல்லாத ஒன்றைக் கொடுத்தால், போட்டவருக்குத் தன்ர நோவு குறைவாகத் தெரியும். இது பழைய விசயம். அதே ஆள் இன்னொருவர் நோவில முகம் சுளிக்கிறதைப் பார்த்தால், அந்த நோவையும் குறைச்சு மதிப்பிடுவாரா என்பதுதான் எங்கட கேள்வி. பங்குபற்றுவோர் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துத் தாதிய மாணவர்கள்.

மூளை ஸ்கான் எல்லாம் எங்களுக்கு எட்டாது. கையை ஐஸ் தண்ணியில வைக்கிறது, வீடியோ காட்டி 0–10 புள்ளி போடச் சொல்றது, இவ்வளவுதான் ஏலும். தரவு சேர்க்கிற நாட்கள் நோன்போட முட்டுது. அதால மாத்திரைக்குப் பதிலாகக் கையில கிரீம் பூசி, "இது மரக்கப் பண்ணும்" என்று சொல்லலாமா?

உளநூல்

கிரீமை விட்டிடுங்கோ தங்கச்சி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றன், உங்கட ஆய்வின்ர உயிர் அதிலதான் இருக்கு.

2004இல் தானியா சிங்கர் குழு 16 சோடிகளை எடுத்தது. பெண்ணின் மூளையை ஸ்கான் செய்துகொண்டு, ஒருக்கா அவருக்கும் ஒருக்கா பக்கத்தில இருந்த துணைவருக்கும் கையில மின்சாரத்தால நோவு கொடுத்தார்கள். இரண்டு நேரத்திலும் மூளையில முன் இன்சுலா, முன் சிங்குலேட் புறணி என்ற இரண்டு பகுதிகளும் வேலை செய்தன. தோலின் எந்த இடத்தில நோகுது என்று பதிகிற பகுதிகள் துணைவருக்கு நோகேக்க அவ்வளவாக அசையவில்லை. ஆனால் இரண்டு நேரமும் ஒரே இடம் ஒளிர்ந்தது என்பதால மட்டும் இரண்டும் ஒரே வேலை என்று சொல்ல ஏலாது. இன்சுலா எத்தனையோ காரியத்துக்கு ஒளிரும்.

அதைச் சோதிக்கத்தான் வியன்னாவில ரூட்கென், லாம் குழு வெற்று மாத்திரையை எடுத்தது (2015). தன்ர நோவை மட்டும் குறைச்சுப் பார்த்தால் அடுத்தவர் நோவை உணர்றதும் கூடவே இறங்குதா என்பது அவர்கள் கேள்வி. 102 பேரில் இறங்கிச்சு, புள்ளியிலும் ஸ்கானிலும். பிறகு வேறு 50 பேருக்கு வெற்று மாத்திரை நம்பிக்கையை ஊட்டிவிட்டு, பாதிப்பேருக்கு நல்ட்ரெக்சோன் கொடுத்தார்கள். நோவைக் குறைக்க உடம்பு தானே சுரக்கிற ஓபியொயிட்டைத் தடுக்கிற மருந்து அது. தடுத்ததும் தன்ர நோவும் மேல வந்துது, அடுத்தவருக்கான உணர்வும் மேல வந்துது. 1978இல் லெவின், கோர்டன், பீல்ட்ஸ் மூவரும் பல்லுப் பிடுங்கினவர்களில் நலொக்சோன் என்ற அதே மாதிரித் தடுப்பு மருந்தை வைச்சுக் காட்டின அதே வழிதான், இப்ப அடுத்தவரின் நோவு வரைக்கும் நீண்டிருக்கு.

இனிக் கிரீம். அதே ஆய்வுக்கூடம் (ஹார்ட்மான், 2021) ஒரு கையில மட்டும் ஜெல் பூசிப் பார்த்தது. பூசின கையில தன்ர நோவு நல்லாவே குறைஞ்சது. அடுத்தவரின் அதே கை நோகிறதைப் பார்க்கேக்க மதிப்பீட்டில மாற்றம் கிடைக்கேல்லை. உடம்பு முழுக்க வேலை செய்யும் என்று நம்பின மாத்திரை அடுத்தவர் நோவுக்கும் தாவுது, ஒரு கைக்கு மட்டும் என்று நம்பின ஜெல் தாவேல்லை. நோவின்ர இடமும் அளவும் வேற, அது தருகிற தவிப்பு வேற. அடுத்தவரோட பகிரப்படுறது தவிப்புத்தான் என்று நான் வாசிக்கிறன். நோன்புக்காகக் கிரீமுக்கு மாறினால், நீங்கள் தேடுற விளைவு வராத முறையை நீங்களே தேர்ந்தெடுத்ததாக முடியும்.

மருதமுனைக் காக்கா

பாமசிப் பக்கத்து விசயங்களை நான் சொல்றன்.

சாதாரண காப்ஸ்யூல் கோது ஜெலட்டின். அது எந்த மிருகத்திலிருந்து என்று பெட்டியில இல்லாட்டி எங்கட ஆக்களில பாதிப்பேர் போட மாட்டினம், சைவக்காரரும் போட மாட்டினம். தயங்கித் தயங்கி விழுங்கினவரிடம் நம்பிக்கை எங்கால வரும்? தாவரக் கோது, எச்.பி.எம்.சி. என்று கேட்டு வாங்குங்க. உள்ள சோளமா போதும். லக்டோஸ் வேண்டாம், சிலருக்கு வயிறு ஊதும், பிறகு அதையே "மருந்து வேலை செய்யுது" என்று எடுப்பார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்ன உறையில, மேல இலக்கம் மட்டும்.

நோன்பு நேரம் விழுங்க ஏலாது. இஃப்தாருக்குப் பிறகு செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதேங்க மகள். அப்ப பாதிப்பேர் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து வயிறு நிறைஞ்ச நேரம் வருவினம், மிச்சப்பேர் சாதாரணமாக வருவினம். பெருநாள் முடிஞ்சு ஒரு கிழமை கழிச்சுத் தொடங்குங்க.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்க: கடந்த 24 மணித்தியாலத்தில பனடோல், ஐபுபுரோபன், வேற நோக்குளிசை ஏதும் போட்டீங்களா? எங்கட ஊரில தலையிடி என்றால் இரண்டு பனடோல், உடம்பு உளைஞ்சால் இரண்டு பனடோல். அந்த இரண்டுதான் 1000 மில்லிகிராம். மிஷ்கோவ்ஸ்கி குழு 2016இல் கொடுத்ததும் சரியாக 1000 மில்லிகிராம் பரசிட்டமோல்தான். ஒரு மணித்தியாலம் கழிச்சு மற்றவர்களின் காயம், இழப்பு பற்றின கதைகளை வாசிக்கக் கொடுத்து, மற்றவர்கள் கேட்கிற இரைச்சல் எவ்வளவு நோகும் என்றும் கேட்டார்கள். மருந்து போட்டவர்கள் குறைச்சுப் புள்ளி போட்டார்கள். தாங்கள் என்ன குடிச்சது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கட "மருந்தில்லா" குழுவில இரண்டு பேர் காலையில பனடோல் போட்டுட்டு வந்திருந்தால் குழுக்களுக்கிடையிலான வித்தியாசம் அங்கேயே கரையும்.

கோட்டைக்கல்லாறு

தண்ணி வேலை சின்னதாகத் தெரியும், பிழைக்கிறதும் அதிலதான். 2 பாகை மாறினாலே ஆக்கள் கையை வைச்சிருக்கிற நேரம் நல்லா மாறும். "ஐஸ் போட்ட தண்ணி" என்று எழுதிவிட்டு ஆய்வு செய்ய ஏலாது.

20 லீற்றர் பிடிக்கிற ரெஜிபோம் மீன்பெட்டி இரண்டு. ஒன்று 5 பாகை, மற்றது 10 பாகை. எங்கட குழாய்த் தண்ணி 29 பாகை மட்டில் இருக்கும். 10 லீற்றரை அதிலிருந்து 5 பாகைக்கு இறக்கக் கணக்குப்படி 2.8 கிலோ ஐஸ், 10 பாகைக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. பெட்டியும் காற்றும் தின்கிறதைச் சேர்த்து முறையே 4, 3 கிலோ வைச்சிருங்கோ. வாழைச்சேனை, சாய்ந்தமருதுப் பக்கம் மீனுக்கு எடுக்கிற ஐஸ் மலிவு, ஆனால் அது குடிக்கிற தண்ணியில செய்ததென்று நம்ப வேண்டாம். தடிச்ச பொலித்தீன் பையில கட்டி உள்ள வையுங்கோ. பை குளிரை மெதுவாகத்தான் விடும், அரை மணித்தியாலம் முன்னமே தொடங்க வேணும்.

ஐஸ் கையில முட்டக் கூடாது. பெட்டிக்கு நடுவில பிளாஸ்டிக் வலை ஒன்று மறிச்சு, ஒரு பக்கம் ஐஸ், மறுபக்கம் கை. தண்ணி அசையாட்டி கையைச் சுற்றி இளஞ்சூட்டுப் படலம் ஒன்று உருவாகும், நோவு தானா இறங்கும், நீங்கள் அதை மாத்திரை என்று எழுதுவீங்கள். மீன்தொட்டிப் பம்ப் நல்லது, ஆனால் கை வைக்கிற தண்ணிக்குள்ள 230 வோல்ட் எதுவும் இறங்கக் கூடாது. பற்றரியில ஓடுற பம்ப் எடுங்கோ. கிடைக்காட்டி ஒருவர் மரக்கரண்டியால ஒரே வேகத்தில கிளறட்டும். வெப்பமானி பங்குபற்றுபவரின் கண்ணில படக் கூடாது.

முதல் 32 பாகைத் தண்ணியில இரண்டு நிமிடம், எல்லார் கையும் ஒரே நிலையில தொடங்கும். பிறகு மணிக்கட்டு வரைக்கும், விரல் விரிச்சபடி, கூடினது 60 வினாடி. 30ஆம், 60ஆம் வினாடியில புள்ளி. அடுத்த முக்குக்கு 10 நிமிட இடைவெளி, கையும் மாற்ற வேணும்.

இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், கர்ப்பம், குளிரில விரல் வெளிறுகிற ஆக்கள், கையில காயம், நீரிழிவால உணர்வு குறைஞ்சவர்கள் இதில சேரக் கூடாது. மயக்கம் வரும், கதிரை கையுள்ளதாக இருக்க வேணும், பக்கத்தில படுக்கையும் வேணும்.

உளநூல்

கோட்டைக்கல்லாறு சொன்ன அந்த 10 பாகைப் பெட்டி எதற்கு என்று சொல்ல வேணும். வெறும் வாய்ச்சொல்லால வருகிற நம்பிக்கை பலவீனம். உடம்பு ஒருக்கா ருசி பார்க்க வேணும். முதல் 5 பாகையில முக்கிப் புள்ளி எடுக்கிறீர்கள். காப்ஸ்யூல் கொடுக்கிறீர்கள், "15 நிமிடத்தில வேலை தொடங்கும்" என்று காத்திருக்கச் சொல்கிறீர்கள். பிறகு அதே தண்ணி என்று சொல்லி 10 பாகையில முக்குகிறீர்கள். நோவு குறைவு, அவர் "ஓ, பிடிக்குது" என்கிறார். கடைசியில திரும்ப 5 பாகை. இப்பவும் முதல் தரத்தை விடக் குறைவாகப் புள்ளி போட்டால் நம்பிக்கை ஊறிவிட்டது. வியன்னாவிலயும் இதே ஒழுங்குதான், தண்ணிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சொல்லாமல் இறக்கினார்கள். 15 பாகைக்குப் போகாதேங்கோ, தண்ணி மாறியிருக்கு என்று பிடிபடும்.

இதில ஒரு ஓட்டை இருக்கு. ஒப்பீட்டுக் குழுவுக்கு மாத்திரையும் இல்லை, 10 பாகை முக்கும் இல்லை என்றால் இரண்டு குழுவின்ர கையும் பட்ட பாடு வேற. ஒரு குழு நடுவில ஆறுதலாக ஒருக்கா முக்கினது, மற்றது இல்லை. ஆகவே ஒப்பீட்டுக் குழுவும் அதே காப்ஸ்யூலை, "உள்ளே மருந்து இல்லை" என்ற உண்மையோட விழுங்கட்டும். 10 பாகையில முக்கட்டும், "இப்ப தண்ணி குளிர் குறைவு" என்ற உண்மையோட. வித்தியாசம் நம்பிக்கை ஒன்றில மட்டும் நிற்கும்.

வாட்டுச் சிஸ்டர்

எல்லாம் நல்லம். ஆனால் இந்த ஆய்வு முடிஞ்சு "தாதிமாருக்கு நோயாளியின்ர நோவு விளங்குறதில்லை" என்று ஒரு வரி வெளியில போனால் அதுக்கு யார் பொறுப்பு? வாட்டில அறுபது கட்டிலுக்கு மூன்று பேர் ஓடுற நேரமும் இருக்கு. அதை அளக்காமல் மாத்திரையை மட்டும் அளந்தால் போதுமா?

பழக்கத்தால வருகிறதும் தனி விசயம். தாய்வானில செங் குழு 2007இல் அக்குபங்சர் செய்கிற வைத்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஊசி குத்துகிற படங்களைக் காட்டினது. வைத்தியர்கள் நோவைக் குறைச்சு மதிப்பிட்டார்கள், மூளையின் அந்தப் பகுதிகளும் அமைதியாக இருந்தன. கை நடுங்காமல் ஊசி ஏற்ற அது தேவை. முதலாம் வருடமும் நாலாம் வருடமும் ஒரே குழுவுக்குள்ள கலந்தால் எது மாத்திரை, எது வாட்டுப் பழக்கம் என்று எப்படிப் பிரிப்பீங்கள்?

உளநூல்

சிஸ்டர் சொல்றது சரி. வருடவாரியாகப் பிரிச்சு, ஒவ்வொரு வருடத்துக்குள்ளயும் சீட்டுக் குலுக்கிக் குழு போடுங்கோ. ஆண், பெண்ணும் அப்படியே. தாதியியலில ஆண்கள் குறைவு, அவர்கள் தற்செயலாக ஒரே குழுவுக்குள்ள போனால் கதை முடிஞ்சுது.

முடிவில என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்பதிலும் சிஸ்டரோட உடன்படுறன். இந்த ஆய்வு காட்டக்கூடியது, தன்ர நோவு நம்பிக்கையால குறைஞ்ச ஒருவர் அந்த நேரம் அடுத்தவரை எப்படி மதிப்பிடுகிறார் என்பது. வாட்டில நடக்கிறது பெரும்பாலும் வேற: "இப்பதானே ஊசி போட்டனான், இனி நோகாது" என்று நோயாளிக்கு என்ன கொடுத்தோம் என்பதில வைக்கிற நம்பிக்கை. அது தன் மேல இல்லை, நோயாளி மேல. இரண்டையும் கலந்து எழுதினால் ஆய்வாளர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டினம்.

வாட்டுச் சிஸ்டர்

அந்த இரண்டாவதுக்கு மருந்து ஏற்கெனவே இருக்கு: திரும்பக் கேட்கிறது. நாளத்தில போட்டால் 15 தொடக்கம் 30 நிமிடத்தில, வாயால கொடுத்தால் ஒரு மணித்தியாலத்தில, நோயாளியின்ர வாயால 0–10 எடுத்து அட்டையில எழுத வேணும். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு ஃபிளாக் அளவீடு: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குதா, ஒவ்வொன்றுக்கும் 0 தொடக்கம் 2, மொத்தம் 10. பார்த்த மாத்திரத்தில ஒரு இலக்கத்தைப் போட்டுட்டுப் போகக் கூடாது. நோயாளி 8 என்கிறார், நமக்கு 4 போல தெரியுது என்றால் எழுத வேண்டியது 8.

தங்கச்சி, இந்தப் பிரிவை உங்கட கலந்துரையாடல் பகுதியில கட்டாயம் போடுங்கோ.

தாமரைக்கேணி

எல்லாருக்கும் நன்றி. கிரீமை விட்டாச்சு, நோன்பு கழிச்சுத்தான் தொடங்குவம். சிஸ்டர் சொன்ன பிரிவையும் எழுதுவம். அடுத்த சந்தேகம் வீடியோ. நாடகத்துறை மாணவர்களைக் கேட்டு நோகிற மாதிரி நடிச்சு எடுத்துத் தாறம் என்கிறார்கள். அது சரிவருமா? மற்றது, பாண்டிருப்புத் தீமிதிப்பில எடுத்த காட்சிகளும் எங்களிட்ட இருக்கு.

கோட்டைக்கல்லாறு

நடிப்பு வேண்டாம். நடிக்கிற முகம் மிகையாக இருக்கும், எல்லாரும் 8, 9 என்று போடுவினம், குறையிறதுக்கு இடமே இராது. அதை விடப் பெரிய பிரச்சினை, நடிச்சவரின் உண்மையான நோவு பூச்சியம். நீங்கள் எதோட ஒப்பிடுவீங்கள்?

வேறு பீடத்தில, முகம் தெரியாத 12 பேரைக் கேளுங்கோ. 2, 5, 10 பாகைத் தண்ணியில கை வைக்கட்டும், நெஞ்சுக்கு மேல முகம் மட்டும் எடுங்கோ, ஒவ்வொரு துண்டும் 5 வினாடி, சத்தம் இல்லாமல். அந்த நேரம் அவர்களே சொன்ன 0–10 புள்ளியைக் குறிச்சு வையுங்கோ. பார்க்கிறவர் போடுற புள்ளியிலிருந்து அதைக் கழிச்சால் எவ்வளவு குறைச்சு மதிப்பிடுகிறார் என்று நேரடியாக வரும். பார்க்கிறவர்கள் பொதுவாகவே கொஞ்சம் குறைச்சுத்தான் போடுவினம். மாத்திரைக் குழு அதையும் தாண்டிக் குறைக்குதா என்பதே உங்கட விடை. முகம் காட்டச் சம்மதம் தனியாக, எழுத்தில வாங்க வேணும்.

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்வி: அவருக்கு எவ்வளவு நோகுது? பார்க்க உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது? இரண்டையும் ஒன்றாக்காதேங்கோ. இடையில நோவு இல்லாத துண்டுகள், கசப்பு மருந்து குடிச்ச முகம், அதிர்ச்சியான முகம், கலந்து போடுங்கோ. மாத்திரைக் குழு எல்லா முகத்துக்கும் குறைச்சுப் புள்ளி போட்டால் அது நோவைப் பற்றின விளைவு இல்லை, பொதுவான மந்தம்.

மருதமுனைக் காக்கா

தீமிதிப்புக் காட்சி வேண்டாம் மகள். அங்க போற ஆக்கள் நேர்த்தி வைச்சுப் போறாக்கள், பார்க்கிறாக்கள் அவங்கட சொந்தம். தண்ணிக்குள்ள கை வைக்கிறதோட அதை ஒரே தராசில போட ஏலாது.

உளநூல்

ஓம். ஸ்பெயினில சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில தீ மிதிக்கிறவர்களின் இதயத் துடிப்பையும் பார்க்கிறவர்களின் துடிப்பையும் ஒரே நேரத்தில பதிஞ்சு பார்த்தார்கள், 2011இல் வெளிவந்தது. சொந்தக்காரர், சிநேகிதரின் துடிப்பு மிதிக்கிறவரோட ஒத்துப் போனது, வெளியாரின் துடிப்பு ஒத்துப் போகேல்லை. பாண்டிருப்பில இதைச் செய்தால் அருமையான தனி ஆய்வு. உங்கட வீடியோவில இருக்கிறவரும் பார்க்கிறவரும் ஒரே வகுப்பாக இருக்கக் கூடாது என்பதுக்கும் அதுதான் காரணம், உறவின் நெருக்கம் மாத்திரையை மூடிவிடும்.

இன்னொரு கசிவையும் அடைக்க வேணும். 2019இல் வந்த ஒரு ஆய்வில மாணவர்களை "டொக்டர்", "நோயாளி" என்று பிரிச்சார்கள். இரண்டு கிரீமும் வெறும் வஸ்லீன். டொக்டராக இருந்தவருக்கு மட்டும் ஒன்று வேலை செய்கிறது என்று, நோவுக்காகக் கொடுத்த சூட்டைச் சொல்லாமல் இறக்கி நம்ப வைச்சார்கள். நோயாளிகளுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் டொக்டர் நம்பின கிரீமைப் பூசினபோது நோயாளிக்கு நோவு குறைஞ்சது, டொக்டர் கூடுதல் பரிவாக நடந்ததாகவும் சொன்னார்கள். நம்பிக்கை முகத்தால தாவுது. ஆகவே காப்ஸ்யூல் கொடுக்கிறவர் ஒருவர், வீடியோ காட்டிப் புள்ளி வாங்குறவர் வேறொருவர். இரண்டாமவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியவே கூடாது. அறையும் வேறாக இருந்தால் நல்லது.

கோட்டைக்கல்லாறு

எண்ணிக்கை: நடுத்தர அளவு விளைவை, அதாவது நியம விலகலில் அரைப்பங்கு வித்தியாசத்தை, 80 வீத வாய்ப்போட பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். விளைவு 0.8 என்று பெரிசாக இருந்தால் 26 பேர் போதும். மாணவர் ஆய்வுகள் 26 எடுத்து நடுத்தர விளைவைத் தேடுறதால்தான் ஒன்றும் கிடைக்காமல் போகுது. 64 பேர் கிடைக்காட்டி, முதல் 5 பாகைப் புள்ளியைக் கணக்கில சேர்த்துச் சமன் செய்யுங்கோ. ஆளுக்காள் இருக்கிற இயல்பான வித்தியாசத்தில ஒரு பகுதி அங்கேயே கழிஞ்சு போகும்.

வாட்டுச் சிஸ்டர்

நெறிமுறை மீளாய்வுக் குழுவுக்கு இரண்டு விசயம் தெளிவாக எழுதுங்கோ. ஒன்று, பொய் சொல்லப்படுகிறது. சம்மதப் படிவத்தில "சில விபரங்கள் முடிவில்தான் சொல்லப்படும்" என்று இருக்க வேணும். முடிஞ்ச அன்றே எல்லாத்தையும் சொல்லி, விரும்பினால் தன்ர தரவை எடுத்துவிடும் உரிமையும் கொடுக்க வேணும். இரண்டு, எங்கட பக்கத்தில யுத்தம், 2004 கடல்கோள் பார்த்த குடும்பங்கள். நோகிற முகங்களைப் பார்த்து ஒருவர் குலைஞ்சு போகலாம். நிற்பாட்டு என்று சொன்னால் காரணம் கேட்காமல் நிற்பாட்டுற விதி வேணும், அன்றைக்கு ஆலோசகர் ஒருவர் கூப்பிடு தூரத்தில இருக்க வேணும்.

விரிவுரையாளர் தன்ர மாணவரைச் சேர்க்கவும் கூடாது. மறுக்க ஏலாது என்று நினைச்சு வருவினம்.

தாமரைக்கேணி

கடைசிக் கேள்வி. மாத்திரையை உண்மையில நம்பினாரா என்று எப்ப கேட்கிறது? நம்பாதவரை விட்டிடலாமா?

உளநூல்

வீடியோப் புள்ளி எல்லாம் முடிஞ்ச பிறகு, உண்மையைச் சொல்றதுக்கு முதல். முன்னால கேட்டால் கேள்வியே சந்தேகத்தைக் கிளப்பும், பின்னால கேட்டால் எல்லாரும் "நான் நினைச்சனான்" என்பினம். முதல் திறந்த கேள்வி: இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? அதில "பரிவு", "மற்றவர் நோவு" என்று எழுதினவர்களைக் குறிச்சு வையுங்கோ. பிறகு 0–10: மாத்திரை எவ்வளவு வேலை செய்தது?

நம்பாதவர்களை மாத்திரைக் குழுவிலிருந்து மட்டும் நீக்கினால், மிஞ்சுறது எளிதில நம்புகிற ஆக்கள். ஒப்பீட்டுக் குழுவில அப்படி வடிகட்டல் இல்லை, இரண்டு குழுவும் இனிச் சமன் இல்லை. ஆகவே முதல் கணக்கு எல்லாரையும் வைச்சு. நம்பினவரை மட்டும் வைச்சுச் செய்வது இரண்டாம் கணக்கு, அப்படியென்று பெயர் போட்டு. இரண்டையும் தரவு பார்க்க முன்னமே முன்மொழிவில எழுதி, திகதி போட்டு, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கோ. பத்துப் பேரில முன்னோடிச் சோதனை ஒன்று செய்து, தண்ணி 60 வினாடிக்குள்ள எத்தனை பாகை ஏறுது என்று பார்த்துவிட்டு இங்க எழுதுங்கோ.